வேலூருக்குச் சுற்றிப் பார்க்க வருகிறீர்களா? தொற்றுக் காலத்தில் எங்களிடம் கேட்கப்படும் கேள்விகள்

தோட்டப்பாளையத்தில் எங்கள் வீட்டு மாடியில் மூன்று அறைகளை வாடகைக்கு விடுகிறோம். வருகிறவர்களில் பாதிப் பேர் சி.எம்.சி. என்கிற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்க வருகிறவர்கள். மீதிப் பேர் கோட்டை, ஸ்ரீபுரம் பொற்கோயில், ஏலகிரி மலை என்று சுற்றிப் பார்க்க வருகிறவர்கள். 2020-லிருந்து ஒரு பழக்கம். எங்கேயாவது காய்ச்சல் பரவுகிறது என்று செய்தி வந்துவிட்டால் போதும், அறை இருக்கிறதா என்று கேட்கும் அதே போனில் இன்னும் பத்துக் கேள்வி வரும். மாஸ்க் போடணுமா, சாப்பாடு எங்கே, கோயிலுக்குப் போகலாமா என்று. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி, சரி, எழுதியே வைத்துவிடுவோம் என்று உட்கார்ந்தேன். கேட்டவர்கள் எப்படிக் கேட்டார்களோ அப்படியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. மாத்திரை விஷயத்தில் டாக்டர் சொல்வதுதான் கடைசி வார்த்தை.

இன்னா அண்ணே, கொரோனாதான் எப்பவோ பூடுச்சே, இன்னும் இன்னாத்துக்கு இதெல்லாம்?

2023 மே 5-ஆம் தேதி உலக சுகாதார நிறுவனம் முடிந்துவிட்டதாகச் சொன்னது அவசரநிலையைத்தான். வைரஸ் போய்விட்டது என்று யாரும் சொல்லவில்லை. அது உருமாறி உருமாறி அவ்வப்போது தலை தூக்குகிறது, கூடவே மழைக்காலம் வந்தால் ஃப்ளூவும் சேர்ந்துகொள்கிறது. நாளைக்கு வேறு பெயரில் இன்னொன்று வந்தாலும், மூச்சுக்காற்றில் பரவும் நோய் என்றால் நாம் செய்ய வேண்டியது பெரும்பாலும் இதேதான். அதனால் பரவல் இருக்கிறது என்று செய்தி வரும்போதெல்லாம் இந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். எந்தப் பரவலும் இல்லாத நாளில் இவ்வளவும் தேவையில்லை.

அப்போ பரவல் இருக்கும்போது வேலூருக்கு வரவே கூடாதா? சொல்லுங்க, டிக்கெட்டை கேன்சல் பண்ணிடறோம்.

வாருங்கள். அரசு தடை போட்டிருந்தால் மட்டும்தான் கட்டாயம் வரக் கூடாது. இரண்டு விஷயத்தை மட்டும் வீட்டிலேயே உட்கார்ந்து பார்த்துக்கொள்ளுங்கள். கிளம்புகிறவர்களில் யாருக்காவது காய்ச்சலோ, தொண்டை வலியோ, புதிதாக ஆரம்பித்த இருமலோ இருந்தால் அந்த வாரம் வேண்டாம். "லேசா இருக்கு, ரயில்ல ஏறினா சரியாயிடும்" என்று கிளம்பி வந்தவர்கள் இங்கே வந்து நான்கு நாள் அறையில் படுத்துக் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். கோட்டை நானூறு வருஷத்துக்கு மேலாக அங்கேயேதான் நிற்கிறது, அடுத்த மாதமும் இருக்கும்.

இரண்டாவது, கூட வருகிறவர்கள் யார் என்று பாருங்கள். அறுபதைத் தாண்டியவர்கள், சர்க்கரை, இதயம், நுரையீரல், சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள், கர்ப்பிணிகள் இருந்தால் அவர்களைப் பார்க்கும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள். தினமும் போடும் மாத்திரைகளைப் பயண நாளுக்கு மேல் ஒரு வாரத்துக்குக் கூடுதலாக எடுத்து வாருங்கள். ஏதாவது ஒன்றில் மாட்டிக்கொண்டால், மாத்திரையைத் தேடி அலையும் வேலையாவது மிச்சம்.

நாங்க சுத்திப் பாக்கத்தான் வர்றோம், ஆஸ்பத்திரி பக்கமே வரமாட்டோம். எங்ககிட்ட ஏன் இவ்ளோ சொல்றீங்க?

இதற்குப் பதில் சொல்லத்தான் இந்தப் பக்கத்தையே எழுதினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வேலூரில் ஆஸ்பத்திரிப் பக்கம் வராமல் இருக்க முடியாது. ஏனென்றால் ஊரே ஆஸ்பத்திரியைச் சுற்றித்தான் இருக்கிறது. காந்தி ரோட்டிலும் பாபு ராவ் தெருவிலும் நடந்து பாருங்கள், கடைப் பலகையெல்லாம் பெங்காலியில் இருக்கும், மீன் குழம்பு மெஸ் இருக்கும். மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள், வங்கதேசம் வரைக்கும் ஜனங்கள் வைத்தியத்துக்கு இங்கேதான் வருகிறார்கள். வந்தால் ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, சிலர் மாதக்கணக்கில் தங்குகிறார்கள். இந்தியாவில் முதல் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை நல்லபடியாக நடந்தது 1971-இல், இதே சி.எம்.சி.யில்தான். எலும்பு மஜ்ஜை மாற்றும் 1986-இலிருந்தே இங்கே நடக்கிறது. மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்கள் புதிதாக வைத்த உறுப்பை உடம்பு ஏற்றுக்கொள்வதற்காக எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரைகளைத் தொடர்ந்து சாப்பிடுகிறார்கள். புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்கிறவர்களுக்கும் இதே நிலைதான். தடுப்பூசி போட்டாலும் அவர்கள் உடம்பில் அது நம் அளவுக்குப் பிடிப்பதில்லை.

இவர்கள் ஆஸ்பத்திரிக்குள்ளேயே அடைந்து கிடப்பதில்லை. டாக்டர் பார்க்கும் நாள் போக மற்ற நாளெல்லாம் நீங்கள் தங்கும் அதே லாட்ஜில் தங்கி, நீங்கள் சாப்பிடும் அதே மெஸ்ஸில் சாப்பிட்டு, சாயங்காலம் காற்று வாங்க அதே கோட்டைப் பூங்காவுக்கு வருகிறார்கள், நேர்ந்துகொண்டு அதே ஸ்ரீபுரத்துக்கும் போகிறார்கள். ஷேர் ஆட்டோவில் உங்கள் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருக்கும் பையனுக்கு மூன்று மாதம் முன்னால் மஜ்ஜை மாற்றியிருக்கலாம், முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. உங்களுக்கு இரண்டு நாள் சளியோடு போகிற ஒன்று அவனைத் திரும்ப வார்டில் கொண்டுபோய்ப் படுக்க வைத்துவிடும். 2020-இல் ஊரடங்கு போட்டபோது சொந்த ஊருக்குத் திரும்ப வழியில்லாமல் இங்கே மாட்டிக்கொண்ட குடும்பங்கள் ஏராளம். மே மாதம் காட்பாடியிலிருந்து ஜார்க்கண்டுக்குச் சிறப்பு ரயில் விட்ட பிறகுதான் ஒரு பகுதியினர் வீடு போய்ச் சேர்ந்தார்கள். அது வரைக்கும் அவர்களுக்கு நோயையும் பார்க்கணும், பரவலுக்கும் பயப்படணும். எங்கள் மாடியிலும் ஒரு குடும்பம் இருந்தது. அவர்களைப் பக்கத்திலிருந்து பார்த்ததால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

சரி, எந்த மாஸ்க் வாங்கட்டும்? துணி மாஸ்க் வீட்ல நெறைய கெடக்குது.

கூட்டமான, மூடிய இடத்துக்கு என்-95. அது இல்லையென்றால் மூன்று அடுக்கு சர்ஜிக்கல் மாஸ்க், மூக்கின் மேல் இருக்கும் கம்பியை நன்றாக அழுத்தி, கன்னத்துப் பக்கம் இடைவெளி இல்லாமல். துணி மாஸ்க் ஒன்றும் இல்லாததற்குப் பரவாயில்லை, அவ்வளவுதான். முன்னால் வட்டமாக வால்வு வைத்த மாஸ்க்கை வாங்காதீர்கள். அது நீங்கள் இழுக்கும் காற்றை வடிகட்டும், நீங்கள் விடும் காற்றை அப்படியே வெளியே அனுப்பிவிடும். மேலே சொன்ன பையனுக்கு அதனால் எந்தப் பிரயோஜனமும் இல்லை.

தாடைக்குக் கீழே தொங்கும் மாஸ்க்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

வேலூர் வெயில்ல மாஸ்க் போட்டா மூச்சே முட்டுதுங்க, என்ன பண்றது?

உண்மைதான். ஏப்ரல், மே மாதத்தில் இங்கே வெயில் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். அந்த வெயிலில் திறந்தவெளியில், பக்கத்தில் ஆள் இல்லாதபோது மாஸ்க் போட வேண்டிய அவசியம் இல்லை, கழற்றி ஒரு காகித உறையில் வைத்துக்கொள்ளுங்கள். கூட்டம் சேரும் இடத்திலும், கூரைக்குக் கீழேயும், வண்டியிலும் போட்டுக்கொண்டால் போதும். வேர்வையில் நனைந்த மாஸ்க் சரியாக வடிகட்டாது, மூச்சும் முட்டும், அதனால் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு இரண்டு மூன்று வைத்துக்கொண்டு நனைந்ததும் மாற்றிவிடுங்கள். இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு மாஸ்க் போடவே கூடாது.

இன்னொன்று, நேரத்தை மாற்றுங்கள். காலை எட்டு எட்டரைக்குள் ஒரு சுற்று, சாயங்காலம் நாலரைக்கு மேல் ஒரு சுற்று. மத்தியானம் அறையில் படுத்துத் தூங்குங்கள். வெயிலும் குறைவு, கூட்டமும் குறைவு. தண்ணீர், மோர் நிறையக் குடியுங்கள். வெயிலில் சுருண்டவர்களுக்கும் தலைவலி, உடம்பு சூடு எல்லாம் வரும். அதைத் தொற்று என்று நினைத்து ஒரு நாள் முழுக்கப் பயந்து கிடந்தவர்களும் உண்டு.

கோட்டைக்குள்ள எங்கெல்லாம் கவனமா இருக்கணும்?

கோட்டை 133 ஏக்கர், அகழியோரமும் மதில் மேலும் காற்று அடித்துக்கொண்டே இருக்கும். வேலூரில் தொற்றுக் காலத்துக்கு இதை விட நல்ல இடம் கிடையாது. 1806 ஜூலை 10-இல் சிப்பாய்கள் எழுந்த இடம் இது என்று பிள்ளைகளுக்குக் காட்டிக்கொண்டே நிதானமாக ஒரு மணி நேரம் நடக்கலாம், மாஸ்க் இல்லாமலேயே.

கவனம் வேண்டிய இடம் இரண்டுதான். ஒன்று ஜலகண்டேஸ்வரர் கோயில் கருவறைக்கு முன்னால். கல் மண்டபம், காற்றோட்டம் குறைவு, தீபாராதனை நேரத்தில் எல்லோரும் நெருக்கியடித்துக்கொண்டு எட்டிப் பார்ப்பார்கள். அந்தக் கல்யாண மண்டபத்துத் தூண்களை நாளெல்லாம் பார்க்கலாம், அங்கே காற்றும் வரும். உள்ளே மட்டும் மாஸ்க் போட்டுக்கொண்டு போய்க் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். இன்னொன்று அருங்காட்சியகம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஒரு பஸ் நிறைய வந்து இறங்கினால் அவர்கள் பார்த்து முடிக்கும் வரை வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போங்கள்.

ஸ்ரீபுரத்துல கூட்டம் பயங்கரமா இருக்கும்னு சொல்றாங்களே, எப்ப போனா நல்லது?

வார நாளில், காலையில். ஞாயிறு, பௌர்ணமி, ஆடி வெள்ளி, பள்ளி விடுமுறை, ஜனவரி 1 இதெல்லாம் வேண்டாம். 2007-இல் குடமுழுக்கு ஆனதிலிருந்து அங்கே கூட்டம் குறைந்ததே இல்லை. நட்சத்திர வடிவப் பாதை மட்டும் ஒன்றேமுக்கால் கிலோமீட்டருக்கு மேல் வரும். பக்கவாட்டில் திறந்திருப்பதால் நடக்கும்போது பிரச்சினை இல்லை. வரிசையை நிறுத்திவைக்கும் இடத்தில்தான் அரை மணி, ஒரு மணி நேரம் ஒரே இடத்தில் அடைந்து உட்கார வேண்டி வரும். அங்கே என்-95-ஐக் கழற்றாதீர்கள்.

முன்னால் இருப்பவர் மேல் சாய்ந்து நிற்பதால் வரிசை ஒரு அடி கூட வேகமாக நகராது. இதை நான் அந்த வரிசையில் நின்றுகொண்டே பல பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

காட்பாடியில எறங்கி எப்படி வர்றது? ஷேர் ஆட்டோ சீப்பா கெடைக்குமாமே?

கிடைக்கும், ஐந்து கிலோமீட்டர் சுமாருக்கு ஒரு ஆள் காசுதான். ஆனால் எட்டுப் பேரை அடைப்பார்கள். அதற்கு டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்வது நல்லது, காற்று குறுக்கே போகும். நான்கு பேராக வந்தால் தனி ஆட்டோ பிடித்துவிடுங்கள், தலைக்குக் கணக்குப் போட்டால் பெரிய வித்தியாசம் வராது.

வேன் எடுக்கிறவர்கள் இதைக் கேளுங்கள். ஏசி போட்டு எல்லாக் கண்ணாடியையும் ஏற்றிவிட்டால் உள்ளே இருக்கும் காற்றேதான் சுற்றிச் சுற்றி வரும். ஒருவருக்கு இருந்தால் இறங்கும்போது நான்கு பேருக்கு இருக்கும். வெளிக்காற்றை இழுக்கும் பட்டன் ஒன்று இருக்கும், அதைப் போடச் சொல்லுங்கள், பின்பக்கக் கண்ணாடியை நான்கு விரல் அளவுக்கு இறக்கி வையுங்கள். டிரைவர் ஏசி வீணாகிறது என்று முகம் சுளிப்பார். நயமாகச் சொன்னால் கேட்பார். அவரும் ஒரு நாளைக்கு மூன்று குடும்பத்தோடு அதே வண்டிக்குள் உட்கார்ந்திருக்கிறவர்தான், அவருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறோம் என்று சொல்லுங்கள்.

ரூம் ஏசி எடுக்கறதா, நான்-ஏசி எடுக்கறதா?

உங்கள் குடும்பம் மட்டும் தங்கும் அறை என்றால் எதுவானாலும் சரி, உங்கள் காற்று உங்களுக்குத்தான். பார்க்க வேண்டியது ஜன்னல். லாட்ஜில் அறை காட்டும்போது ஜன்னலைத் திறந்து பாருங்கள். வெளிச்சுவர் பக்கம் திறக்கிறதா, இல்லை நடுவில் இருக்கும் நடைபாதையைப் பார்த்துத் திறக்கிறதா? நடைபாதைப் பக்கம் என்றால் எட்டு அறையின் காற்றும் உங்களுக்கு வரும், உங்களுடையதும் அவர்களுக்குப் போகும். ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள பழைய லாட்ஜ்களில் இப்படித்தான் நிறைய இருக்கிறது. கொஞ்சம் தள்ளி, சத்துவாச்சாரி, காந்தி நகர், பாகாயம் பக்கம் போனால் வெளிக்காற்று வருகிற அறை கிடைக்கும். சுற்றிப் பார்க்க மட்டும் வருகிறவர்கள் அங்கே தங்கினால் நோயாளிகளுக்கு ஆஸ்பத்திரிப் பக்கத்து அறை ஒன்று மிச்சமாகும். எனக்கு வாடகை போனாலும் பரவாயில்லை என்றுதான் இதைச் சொல்கிறேன்.

ஆம்பூர் பிரியாணி சாப்பிடாம எப்படிங்க போறது? ஓட்டல் சாப்பாடு ஓகேவா?

சாப்பிடாமல் போகாதீர்கள். இந்த நோய் சுடச்சுட இருக்கும் பிரியாணியில் வராது. பக்கத்து மேசையில் சத்தமாகப் பேசிச் சிரிக்கிறவரின் மூச்சில்தான் வரும். மாஸ்க்கைக் கழற்றி அரை மணி நேரம் உட்காரும் இடம் சாப்பாட்டுக் கடை ஒன்றுதான், அதனால் அங்கே இடம் பார்த்து உட்காருங்கள். திறந்த பக்கம், வாசல் பக்கம், வெளியே போட்ட மேசை. ஏசி ஹாலில் நெருக்கமாக இருந்தால் பார்சல் கட்டிக்கொள்ளுங்கள். மதியம் ஒரு மணிக்குப் போவதை விடப் பன்னிரண்டுக்கே போனால் கடை காலியாக இருக்கும், பிரியாணியும் தம் உடைத்த சூட்டில் கிடைக்கும். ஆற்காட்டு மக்கன் பேடாவை வாங்கிக் கையில் எடுத்து வந்துவிடலாம், அதற்கு உட்காரவே தேவையில்லை.

பையில சானிடைசர் வெச்சிருக்கேன், அது போதும்தானே?

கைக்கு மட்டும் போதும், அதுவும் ஆல்கஹால் 60 சதவீதத்துக்கு மேல் இருந்தால். அழுக்கு, எண்ணெய், பிரியாணிக் கை என்றால் சோப்பு போட்டு இருபது விநாடி கழுவுவதுதான் சரி. வாந்திபேதி உண்டாக்கும் சில கிருமிகளுக்கு சானிடைசர் சரியாகக் கேட்காது, சோப்பும் தண்ணீரும்தான் அவற்றைக் கழுவி வெளியேற்றும். கோயிலில் விளக்கு ஏற்றுவதற்கோ கற்பூரம் தொடுவதற்கோ முன்னால் சானிடைசர் போடாதீர்கள், கையில் ஈரம் இருக்கும்போது பற்றிக்கொள்ளும்.

ஆனால் காற்றில் பரவுவதற்குக் கை சுத்தம் மட்டும் பதில் இல்லை. ஜன்னலும் மாஸ்க்கும் மேலே சொன்னபடிதான்.

ரெண்டு ஊசி, பூஸ்டர் எல்லாம் போட்டாச்சு. இன்னும் மாஸ்க் எதுக்கு?

போட்டது மிக நல்லது. அதனால் உங்களுக்கு நோய் முற்றிப்போகும் வாய்ப்பு நன்றாகக் குறைகிறது. நோய் தொற்றாமலே இருக்கும் என்றோ, உங்களிடமிருந்து இன்னொருவருக்குப் போகாது என்றோ அர்த்தமில்லை. மாதங்கள் ஆக ஆக அந்தத் தடுப்பும் இளைத்துக்கொண்டே வரும். புதிதாகப் போட்டுக்கொள்வதாக இருந்தால் பயணத்துக்கு இரண்டு வாரம் முன்னாலேயே போட்டுவிடுங்கள், உடம்பு தயாராக அவ்வளவு நாள் ஆகும். ஃப்ளூ ஊசியும் அப்படித்தான். வயதானவர்கள் அதை வருஷத்துக்கு ஒரு முறை போட்டுக்கொள்வது பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

கபசுரக் குடிநீர் குடிச்சிட்டு வந்தா ஒண்ணும் ஆவாதுன்னு எங்க மாமா சொல்றார்.

2020-இல் அரசே வீதி வீதியாகக் கொடுத்தது, நாங்களும் குடித்தோம். மாமா குடிக்கட்டும். ஆனால் அதை ஊசிக்கும் மாஸ்க்குக்கும் பதிலாக வைத்துக்கொண்டு கூட்டத்துக்குள் நுழைய வேண்டாம். சிறுநீரகப் பிரச்சினை இருப்பவர்களும், மாற்று சிகிச்சை ஆனவர்களும் டாக்டரைக் கேட்காமல் எந்தக் கஷாயமும் குடிக்கக் கூடாது. அவர்கள் சாப்பிடும் மாத்திரையோடு எது சேரும், எது சேராது என்பது அவர்களைப் பார்க்கும் டாக்டருக்குத்தான் தெரியும்.

அப்பா அம்மாவ கூட்டிட்டு ஏலகிரி போலாமா? அங்க காத்து சுத்தமா இருக்குமே.

காற்று சுத்தம்தான். பதினாலு கொண்டை ஊசி வளைவு ஏறி ஆயிரம் மீட்டருக்கு மேல் போய்விடுகிறோம், வேலூர் வெயிலுக்கு அது சொர்க்கம். யோசிக்க வேண்டியது வேறு. மலை மேல் பெரிய ஆஸ்பத்திரி கிடையாது. ராத்திரி மூச்சுத் திணறல் வந்தால் அத்தனை வளைவையும் இருட்டில் இறங்கி வர வேண்டும். அதனால் இருமலோ களைப்போ துளி இருந்தாலும் அவர்களை மேலே ராத்தங்க வைக்காதீர்கள், காலையில் போய்ச் சாயங்காலம் இறங்கிவிடுங்கள். சனி, ஞாயிறு படகுத் துறையில் கூட்டம் அடைக்கும். செவ்வாய், புதன் போனால் ஏரியே உங்களுக்குத்தான்.

ஜவ்வாது மலைப் பக்கம் போகிறவர்களுக்கும் இதேதான். அங்கே போன் சிக்னல் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும், எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று கீழே ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

வேலூர்ல எல்லாம் திறந்திருக்குன்னு நியூஸ்ல பாத்தோம். அப்போ எல்லா இடமும் போலாம்ல?

இங்கே நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். 2019-இல் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. ஆற்காடு, வாலாஜா எல்லாம் ராணிப்பேட்டை மாவட்டம். ஏலகிரி, ஆம்பூர், வாணியம்பாடி திருப்பத்தூர் மாவட்டம். கட்டுப்பாடு போட்டால் மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். 2020-இல் மாவட்டம் விட்டு மாவட்டம் போகவே இ-பாஸ் வேண்டியிருந்தது. 2021 ஆகஸ்டிலிருந்து அக்டோபர் நடுவரைக்கும் வெள்ளி, சனி, ஞாயிறு கோயில்களில் தரிசனம் இல்லை என்று இருந்தது. அது தெரியாமல் சனிக்கிழமை குடும்பத்தோடு வந்து, பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர்களை நானே பார்த்தேன். போகும் இடம் எந்த மாவட்டமோ, அந்த மாவட்டக் கலெக்டர் அறிவிப்பைக் கிளம்புவதற்கு முதல் நாள் பாருங்கள். வாட்ஸ்அப்பில் வருவதைப் பார்த்துக் கிளம்பாதீர்கள்.

வந்த எடத்துல காய்ச்சல் வந்துட்டா என்ன பண்றது?

முதலில் சுற்றுவதை நிறுத்துங்கள். அறையில் தனியாக, ஜன்னலைத் திறந்துவைத்து, கூட இருப்பவர்களும் மாஸ்க் போட்டுக்கொண்டு. காய்ச்சலுக்குப் பாரசிட்டமால், நிறையத் தண்ணீர், கஞ்சி. மெடிக்கலில் போய் "ஒரு செட் குடுங்க" என்று வாங்கிச் சாப்பிடாதீர்கள். வைரஸுக்கு ஆன்டிபயாடிக் கேட்காது, அந்த செட்டில் ஸ்டீராய்டு இருந்தால் ஆரம்ப நாளில் அது கெடுதலே செய்யும். 104-க்குப் போன் செய்தால் தமிழிலேயே ஆலோசனை சொல்வார்கள்.

பல்ஸ் ஆக்ஸிமீட்டர் ஒன்று பையில் இருக்கட்டும். விரலில் நெயில் பாலிஷ் இல்லாமல், கையைச் சூடாக்கிவிட்டு, உட்கார்ந்து பாருங்கள். 94-க்குக் கீழே போனாலோ, மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு அழுத்தினாலோ, பேச்சு குழறினாலோ, பெரியவர்கள் எழுப்பினாலும் எழாமல் தூங்கிக்கொண்டே இருந்தாலோ உடனே 108. ராத்திரி என்று பார்க்காதீர்கள், காலையில் பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள்.

காய்ச்சல்னாலே கொரோனாதானா? பையன் மலையில புல்லுல புரண்டு வெளையாடுனான், அதான் கேக்குறேன்.

நல்ல கேள்வி, டாக்டரிடமும் அந்தப் புல்லைப் பற்றி மறக்காமல் சொல்லுங்கள். எங்கள் பக்கத்தில் உண்ணிக் காய்ச்சல் உண்டு. புல், புதரில் இருக்கும் கண்ணுக்கே தெரியாத பூச்சி கடித்து வருவது, மழை முடிந்து குளிர் ஆரம்பிக்கும் மாதங்களில் அதிகம். கடித்த இடத்தில் பல பேருக்குச் சிகரெட்டால் சுட்டது போலக் கறுத்த பொருக்கு இருக்கும், வலிக்காது, அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு என்று மறைவான இடமாக இருப்பதால் தேடினால்தான் தெரியும். சீக்கிரம் கண்டுபிடித்தால் சாதாரண மாத்திரையிலேயே சரியாகும், விட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து. கடித்த அன்றே காய்ச்சல் வராது, ஒன்றிலிருந்து மூன்று வாரம் கழித்து, நீங்கள் ஊருக்குப் போன பிறகுதான் பெரும்பாலும் வரும். அப்போது உங்கள் ஊர் டாக்டரிடம் "வேலூர்ப் பக்கம் மலைக்குப் போனோம்" என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

டெங்குவும் உண்டு. அதனால்தான் காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை, ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் எல்லாம் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம் என்பது. டெங்குவில் காய்ச்சல் விட்ட பிறகு வரும் ஓரிரு நாள்தான் மோசம். வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம் என்றால் காத்திருக்காதீர்கள்.

வீட்லயே டெஸ்ட் பண்ணேன், நெகட்டிவ். அப்போ தொண்டை வலியோட ஸ்ரீபுரம் போலாம்ல?

வேண்டாம். வீட்டில் செய்யும் ஆன்டிஜென் டெஸ்ட்டில் ஒரே கோடு வந்தால் "இப்போதைக்குத் தெரியவில்லை" என்றுதான் அர்த்தம். அறிகுறி ஆரம்பித்த முதல் நாள் அது பல பேருக்குத் தவறும். இரண்டு நாள் கழித்துத் திரும்பப் பாருங்கள், இல்லையென்றால் ஆர்.டி.பி.சி.ஆர். எடுங்கள். அது வரை அந்தத் தொண்டை வலி வேறு எந்தக் கிருமியாக இருந்தாலும், மூன்றாவது கேள்வியில் சொன்னவர்களுக்கு அதுவும் ஆகாது.

பாசிட்டிவ் வந்தால் எத்தனை நாள் என்று அடுத்துக் கேட்பீர்கள். 2022 ஜனவரியில் மத்திய அரசு சொன்னது, லேசான பாதிப்புக்குக் குறைந்தது 7 நாள், அதிலும் கடைசி 3 நாள் தொடர்ந்து காய்ச்சல் இல்லாமல். அந்தந்தப் பரவலில் என்ன சொல்கிறார்களோ அதைப் பின்பற்றுங்கள். அதோடு ரயிலேறி ஊருக்குப் போய்ப் படுத்துக்கொள்ளலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், ஒரு பெட்டி முழுக்க ஜனம் இருக்கிறது.

உண்மைய சொல்லுங்க, காய்ச்சல்னு சொன்னா ரூம காலி பண்ண சொல்லிடுவீங்கல்ல?

இந்தப் பயம் எனக்குப் புரிகிறது, நியாயமும்தான். முதல் அலையில் இந்த ஊரிலேயே சிலர் ராத்திரியோடு ராத்திரியாக நோயாளிகளை வெளியே அனுப்பினார்கள் என்று காதில் விழுந்தபோது வெட்கமாக இருந்தது. 2021-இல் எங்கள் மாடியில் சுற்றிப் பார்க்க வந்த ஒரு குடும்பம் இதே பயத்தில் இரண்டு நாள் காய்ச்சலை மறைத்துவிட்டது. அடுத்த அறையில் சிறுநீரகம் மாற்றிய ஒரு அம்மா இருந்தார். பொதுக் குளியலறை, ஒரே மாடிப்படி. தெரிந்த அன்று அந்த அம்மாவைக் கீழே எங்கள் வீட்டுக்குள் மாற்றினோம். பத்து நாள் என் மனைவி தூங்கவில்லை. நல்லவேளை, அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

அந்தக் குடும்பத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. சொன்னால் துரத்துவார்கள் என்று அவர்களை நினைக்கவைத்தது எங்கள் தப்பு. அதற்குப் பிறகு அறை கொடுக்கும்போதே சொல்லிவிடுகிறேன், காய்ச்சல் வந்தால் சொல்லுங்கள், காலி பண்ணச் சொல்ல மாட்டேன், சாப்பாடு வாசலில் வரும், வெளிச்சுவர் ஜன்னல் இருக்கும் மூலை அறையை உங்களுக்கு மாற்றித் தருகிறேன் என்று. நீங்கள் வேறு எங்கே தங்கினாலும் முன்பணம் கொடுக்கும் முன் இதைக் கேட்டுவிடுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் வேறு லாட்ஜ் பாருங்கள்.

சித்தப்பா சி.எம்.சி.ல அட்மிட் ஆயிருக்காரு. ஸ்ரீபுரம், கோட்டை எல்லாம் பாத்துட்டு கடைசி நாள் அவரையும் பாத்துட்டு கெளம்பலாம்னு ப்ளான். சரிதானே?

வரிசையைத் திருப்பிப் போடுங்கள். ரயிலிலிருந்து இறங்கி, குளித்து, துணி மாற்றி, உடம்பு நன்றாக இருந்தால் முதலில் சித்தப்பாவைப் பாருங்கள், அப்புறம் ஊர் சுற்றுங்கள். மூன்று நாள் கூட்டத்தில் நின்றுவிட்டு நேரே கட்டில் பக்கம் போனால் அந்த மூன்று நாளையும் அவருக்குச் சேர்த்துக் கொண்டுபோகிறோம். பரவல் நேரத்தில் ரயில் பயணமும் கூட்டம்தான், அதனால் ரயிலிலும் என்-95 போட்டுக்கொண்டு வாருங்கள்.

அங்கேயும் எல்லோரும் போக வேண்டாம், ஒருவர் போதும். வார்டில் பார்வையாளர் விதி என்னவென்று முதலில் விசாரியுங்கள், பரவல் நேரத்தில் மாறியிருக்கும். கை கழுவி, என்-95 போட்டு, பத்து நிமிஷம். குழந்தைகளைக் கூட்டிப் போகாதீர்கள், வீடியோ காலில் பேசவையுங்கள். அவருக்கு மாற்று சிகிச்சையோ புற்றுநோய் மருந்தோ நடக்கிறது என்றால் நேரில் போவதற்கு முன் அவர் கூட இருக்கும் சித்தியிடம் கேளுங்கள். சித்தி வேண்டாம் என்று சொன்னால் வருத்தப்படாதீர்கள். தெரு வாசலில் வந்து நிற்கச் சொல்லி அவருக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு வாருங்கள், எத்தனையோ நாளாக அவரும் வெளிச்சாப்பாடுதான் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். முன்னாலேயே சொன்னால் எங்கள் வீட்டில் ரசம் சாதம் கட்டித் தருகிறோம்.